அந்தம்மா அசையவில்லை

ஜூன் 3, திங்கள்

மிக்சி ஜாரின் பிளேடு காலையில் உடைந்தது. சட்னி இல்லை, இட்லிக்குப் பொடி. என் வீட்டுக்காரர் லோகு அதையே சாப்பிட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பினார். ஆபீஸுக்கு நான் பத்து நிமிடம் தாமதம்.

கோகுல் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கோபிச்செட்டிபாளையத்து ஸ்கேன் சென்டரில் சனிக்கிழமை மூன்று மணி நேரம் போராடியும் கம்ப்யூட்டரில் 'தூது' ஏறவில்லையாம்.

இந்த நோட்டைத் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது, அதனால் எழுதி வைக்கிறேன். தூது எங்கள் மென்பொருள். சின்ன ஊர்களில் ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கிறார்கள், அதைப் படித்துச் சொல்ல டாக்டர் இல்லை. ஸ்கேன் இயந்திரத்திலிருந்து படங்களை வாங்கி, கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் அன்வர்தீனுக்கு அனுப்புவது தூதின் வேலை. முப்பத்தோரு சென்டர்களில் ஓடுகிறது. கோகுல் முதலாளி. ஆறு வருடமாக அதற்கு நிரல் எழுதுவது நான்.

தூது தனியாக நிற்பதில்லை. பிறர் எழுதி வைத்த பதினான்கு லைப்ரரிகளின், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளின், தோளில் நிற்கிறது. படத்தைத் திறக்க ஒன்று, விரிக்க ஒன்று, அச்சடிக்க ஒன்று. அதில் எது ஏறாவிட்டாலும் தூது திறக்கவே திறக்காது.

"அவங்ககிட்ட இருக்கறது பத்து வருசத்துக் கம்ப்யூட்டர் மைதிலி. நம்ம சாமானை இளைக்க வெச்சே ஆகணும்," என்றார் கோகுல்.

"பண்ணலாம்" என்றேன். வழி எனக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

ஜூன் 6, வியாழன்

மூன்று நாளாக இதே வேலை. சுகமான வேலை.

பதினான்கில் ஐந்து மட்டும் கட்டாயம். மீதி ஒன்பதை விருப்பத்துக்கு விட்டேன். தூது திறக்கும்போது அவற்றைத் தேடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று தேவைப்பட்டால், அந்த நேரத்தில் "இருக்கிறாயா?" என்று கேட்கும். இருந்தால் ஏற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்த ஒரு வேலையை மட்டும் விட்டுவிடும். அச்சு இயந்திரமே இல்லாத சென்டருக்கு அச்சடிக்கும் லைப்ரரி எதற்கு?

ஐந்நூறு எம்பி இருந்தது நாற்பதுக்கு இறங்கிவிட்டது. கோகுலிடம் காட்டியபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

ஜூன் 10, திங்கள்

முப்பத்தோரு சென்டருக்கும் புதிய தூது போயிற்று. கோபியில் நான்கு நிமிடத்தில் ஏறியது.

ஜூன் 11, செவ்வாய்

காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை இருபத்துமூன்று போன்.

சில சென்டர்களின் இயந்திரம் படங்களைச் சுருக்கி அனுப்பும். அதை விரிக்கும் லைப்ரரி ஒன்பதில் ஒன்று. தூதை ஏற்றும்போது திரையில் வரும் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தால் தானாக இறங்கும். ஏழு சென்டர்களில் டிக் அடிக்கவில்லை, அல்லது அடித்தும் நெட் பாதியில் நின்றுவிட்டது. அங்கே படம் அனுப்பும்போதெல்லாம் சிவப்புக் கட்டத்தில் ஒரு செய்தி: 'விரிக்கும் லைப்ரரி இல்லை. படம் அனுப்பப்படவில்லை.'

பவானி சென்டரிலிருந்து கௌசி என்ற பெண் அழுதுகொண்டே பேசினாள். "நோயாளியோட ஆளுங்க கத்தறாங்க மேடம். செவப்பா என்னமோ வருதுங். நான் எதையும் அமுத்தலீங்."

சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி எடுக்கப்பட்டது. கோகுல் சொன்னதால். பதிலுக்கு ஒரு சின்ன ஏற்பாடு. தற்காலிகம்தான், அடுத்த வாரம் ஏழு பேருக்கும் லைப்ரரியை ஏற்றிவிட்டு எடுத்துவிடலாம்.

மிக்சி ஜார் வாங்கினேன்.

ஜூன் 14, வெள்ளி

ஒரு போன்கூட இல்லை. கோகுல் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 19, புதன்

அச்சடிக்கும் பகுதியில் ஒரு பிழை, நாள் முழுக்க அதிலேயே போனது. ஏழு சென்டர் வேலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. யாரும் கேட்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

அந்தியூர் சென்டரின் ஓனர் காலையில் பேசினார். குரலே சரியில்லை.

பாவாயி என்று ஓர் அம்மா, வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டாம் தேதி மகனுடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போது வேகத்தடையில் விழுந்து தலையில் அடி. அந்தியூரில் ஸ்கேன். படம் தூது வழியாக டாக்டர் அன்வர்தீனுக்கு வந்தது. 'பெரிதாக எதுவும் தெரியவில்லை. நோயாளி அசைந்திருப்பதால் படங்கள் சற்று மங்கல். தொந்தரவு இருந்தால் மீண்டும் எடுக்கவும்' என்று எழுதியிருக்கிறார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம். ஈரோட்டில் தலையைத் திறந்து ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

"படம் எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குப் போச்சு, அது மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார் ஓனர். கொடுத்தேன். நேரத்தில் எந்தத் தவறும் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

அந்தியூர் டெக்னீஷியனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். திருமூர்த்தி என்று பெயர். பதினோரு வருடமாக அங்கே இருப்பவர். நோயாளியை அசையாமல் படுக்கவைக்காதது, மங்கலாக வந்த பிறகும் மறுபடி எடுக்காதது, இரண்டும் அவர் குற்றம்.

மதியம் சப்போர்ட் எண்ணுக்கு அவரே கூப்பிட்டார். சப்போர்ட் பையன் சாப்பிடப் போயிருந்ததால் நான் எடுத்தேன்.

"மேடம், அந்தம்மா அசையவே இல்லீங். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டே இருந்தனுங். எங்க மிசின்ல படம் பளிச்சுன்னு இருந்துச்சுங். டாக்டரு மங்கல்ங்கறாரு. நடுவுல ஏதாச்சும் ஆயிருக்குமுங்களா?"

"பார்த்துட்டுச் சொல்றேங்க," என்றேன்.

"ஓனரு என்னைய உள்ளயே விட மாட்டேங்கறாருங். நீங்க கொஞ்சம் பாருங்."

அவர் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 26, புதன்

அந்தியூர் கம்ப்யூட்டரில் தூது தானாக எழுதிவைக்கும் குறிப்பேட்டை இங்கிருந்தே திறந்து பார்த்தேன். ஜூன் 18, காலை 11.42. வரி இப்படி இருந்தது: 'விரிக்கும் லைப்ரரி இல்லை. முன்னோட்டப் படம் பெரிதாக்கி அனுப்பப்பட்டது.'

மூடிவிட்டேன். கேன்டீனில் போய் டீ குடித்தேன். மறுபடி திறந்தேன். அதே வரிதான் இருந்தது.

ஒவ்வொரு ஸ்கேன் கோப்புக்குள்ளும் அடையாளம் தெரிந்துகொள்வதற்காகக் கட்டைவிரல் அளவில் ஒரு படம் இருக்கும். விரிக்கும் லைப்ரரி இல்லாத இடத்தில் தூது அதை எடுத்து இழுத்துப் பெரிதாக்கி, ஓரங்களை மெழுகி அனுப்புகிறது. பார்த்தால் நோயாளி லேசாக அசைந்தது போலத்தான் இருக்கும். பதினொன்றாம் தேதி செய்த ஏற்பாடு அதுதான்.

கோகுல் வந்து, "அந்தியூர்ல நம்ம பக்கம் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

"இன்னும் பார்க்கணும்," என்றேன்.

முருங்கைக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

மங்கலான படத்திலும் ரத்தம் தெரிந்திருக்கலாம். டாக்டர்தான் கவனிக்கவில்லையோ என்னவோ. அந்தம்மா உண்மையிலேயே அசைந்தும் இருக்கலாம். இயந்திரத்திலிருக்கும் அசல் படத்தைப் பார்க்காமல் எதையும் சொல்வது சரியில்லை.

இந்த இயந்திரங்களில் இடம் குறைவு. படம் எடுத்த பதினைந்தாம் நாள் தானாக அழித்துவிடும். பாவாயி அம்மாவின் படம் ஜூலை 3 வரை இருக்கும்.

ஜூன் 28, வெள்ளி

அந்தியூர் போனேன். தூதைச் சரிபார்க்கும் வழக்கமான வேலை என்று ஓனரிடம் சொன்னேன். நல்ல மனிதர். இளநீர் வரவழைத்துக் கொடுத்தார். "பதினோரு வருசம் ஆளு. இப்புடிப் பண்ணுவான்னு நெனைக்கவே இல்லீங்க" என்று தலையைத் தலையை ஆட்டினார்.

இயந்திர அறைக்குள் என்னைத் தனியாக விட்டார். பட்டியலில் பாவாயி, பெ, 52. திறந்தேன்.

படம் கண்ணாடி போல இருந்தது. மண்டை ஓட்டின் எல்லை கத்தியால் வரைந்தது போல. இடது பக்கம், எலும்பை ஒட்டினாற்போல, நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. நான் டாக்டர் இல்லை. எனக்கே தெரிந்தது.

பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். விரிக்கும் லைப்ரரியை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒன்றரை நிமிடம் ஆனது. அதை ஒருநாள் போனில் சொல்லிக்கொடுத்திருந்தால்கூட முடிந்திருக்கும்.

வெளியே வரும்போது ஓனர், "திருமூர்த்தி வீடு இங்கதான், பர்கூர் ரோட்டுல. உங்களுக்கு அவனைத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க," என்றேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கைப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 29, சனி

கோகுலிடம் சொல்லிவிட்டேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஏழு சென்டருக்கும் இன்னைக்கே சரி பண்ணி அனுப்பிடுங்க."

"அனுப்பறேன். இதுவரைக்கும் போன படங்க?"

"போனது போச்சு மைதிலி."

"அதுல இன்னொரு பாவாயி இருந்தா?"

"இருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். பதினெட்டு நாள் ஆச்சு. பழசைத் தோண்டினா முப்பத்தோரு பேரும் ஒரே நாள்ல கழட்டி வெச்சுட்டுப் போயிருவாங்க. இங்க பன்னெண்டு பேரு வேலை செய்யறாங்க. நீங்களும்தான்."

"திருமூர்த்தி?"

"அந்த ஓனர்கிட்ட நான் வேற மாதிரி பேசி அவரைத் திரும்பச் சேத்துக்கச் சொல்றேன். நீங்க இதை விடுங்க."

அவர் பேசுவதாகச் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

ஏழு சென்டருக்கும் புதிய பதிப்பு. லைப்ரரி உள்ளேயே இருக்கிறது. இனி ஒரு படமும் மங்காது.

ஏழு குறிப்பேடுகளும் வந்துசேர்ந்தன. அந்த வரி எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணினேன். நூற்று அறுபத்துநான்கு பேர்.

பதினைந்து நாள் கணக்கில், முப்பத்தெட்டுப் பேருடைய அசல் ஏற்கனவே அழிந்துவிட்டது. நாளைக்கு இன்னும் ஒன்பது. செவ்வாய்க்கிழமை எட்டு.

லோகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏன் கண்ணு, ரெண்டு நாளா வாயே தெறக்கல?" என்றார். தலைவலி என்று சொன்னேன். மாத்திரை எடுத்துக்கொண்டு வந்தார். அதையும் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

இன்று ஒன்பது பேர் அழிந்தார்கள். அழிந்தது படம். படம் என்றுதான் எழுத வேண்டும்.

கோகுல் ஓனரிடம் பேசினாரா என்று கேட்டேன். "இந்த வாரத்துல பேசறேன்" என்றார்.

பதினொன்றாம் தேதி அவர் எனக்கு என்ன உத்தரவு போட்டார் என்று போனில் பழைய செய்திகளைத் தேடினேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா. கிடைத்தது.

கோகுல்: 'அந்தச் செவப்புக் கட்டம் ஜனங்களைப் பயமுறுத்துது. கொஞ்சம் மரியாதையா எழுத முடியுமா? எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னும் போட்டுருங்க.'

அதற்குக் கீழே நான்: 'எதுக்கு? செய்தியே வராம பண்ணிடறேன். உள்ள இருக்கற குட்டிப் படத்தைப் பெருசாக்கி அனுப்பிட்டா வேலை நிக்காது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.'

அவர் சரி என்று ஒரு கட்டைவிரல் குறி மட்டும் அனுப்பியிருந்தார். அவருக்கு அது புரிந்திருக்குமா என்றே சந்தேகம். அவர் மென்பொருள் எழுதுகிறவர் இல்லை.

யாருக்கும் வித்தியாசம் தெரியாது. என் வாக்கியம்தான்.

ஜூலை 2, செவ்வாய்

காலை ஏழரைக்கு டாக்டர் அன்வர்தீனுக்குப் போன் செய்தேன். அவர் நடைப்பயிற்சியில் இருந்தார். மூச்சு வாங்கியது.

"சொல்லுங்கம்மா."

முதலிலிருந்து சொன்னேன். பாவாயி, குட்டிப் படம், நூற்று அறுபத்துநான்கு பேர். அவர் நடையை நிறுத்தியது மூச்சில் தெரிந்தது. பின்னால் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள்.

"நான் அந்த டெக்னீஷியன் பையன் மேல எழுதிட்டேனேம்மா," என்றார். "அசைஞ்சிருக்குன்னு எழுதினது நான்."

"படம் அப்படித்தான் இருந்துச்சு டாக்டர்."

"நீங்க எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க." குரல் மாறியது. "எத்தனை படம் இப்போ மிஷின்ல இருக்கு?"

"நூத்தி ஒம்பது. நாளைக்கு இன்னும் குறையும்."

"ஒவ்வொரு சென்டருக்கும் நானே பேசறேன். ஒரு படமும் அழியக் கூடாது. பட்டியலை அனுப்புங்க. இன்னைக்கு அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ரத்து."

பட்டியலை அனுப்பிவிட்டுத்தான் கோகுலிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாம்ல," என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 3, புதன்

படங்கள் மறுபடி வந்துகொண்டே இருக்கின்றன. டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்து, பெயருக்கு எதிரே 'சரி' என்று எழுதுகிறார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரி. சரி. சரி. மதியம் சாப்பிட முடியவில்லை. மாலைக்குள் எழுபத்திரண்டு.

ஜூலை 4, வியாழன்

காலை 10.20. எண்பத்தெட்டாவது பெயருக்கு எதிரே 'சரி' வரவில்லை. ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. பிறகு போன் வந்தது.

"பவானி. சென்னியப்பன், அறுபத்தொரு வயசு. மூளைக்கு மேல ரத்தம் மெதுவா சேந்துட்டு இருக்கு. எடுத்து பத்து நாள் ஆச்சு. இந்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சென்னியப்பன் நம்பருக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு தடவை. பவானி சென்டருக்கு அடித்தேன். கௌசி எடுத்தாள்.

"மளிகைக் கடைக்காரருங்களா? காவேரி வீதி. நானே ஓடறனுங்."

போனைத் துண்டிக்காமலே ஓடினாள். அவள் செருப்புச் சத்தம், ஹாரன், ஒரு நாய். பிறகு அவள் குரல்: "ஐயா, கடையச் சாத்துங்க. கேள்வி கேக்காதீங்க, கடையச் சாத்துங்க." ஓர் ஆண் குரல் நிதானமாக, "கொஞ்சம் இரு கண்ணு, இவங்களுக்குப் பருப்பு போட்டுட்டு வரேன்," என்றது.

மதியம் மூன்றுக்கு ஈரோட்டில் ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார். கொஞ்ச நாளாகத் தலை கனமாக இருந்தது என்றாராம். வெயிலால் இருக்கும் என்று விட்டிருக்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

நூற்று ஒன்பதும் முடிந்தது. சென்னியப்பனைத் தவிர இன்னொருவருக்குச் சின்ன எலும்பு விரிசல். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

படம் அழிந்துவிட்ட ஐம்பத்தைந்து பேரையும் கூப்பிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். நானும் கூப்பிட்டேன். திட்டினார்கள். நன்றி சொன்னவர்களும் இருந்தார்கள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சத்தியமங்கலத்து எண் ஒன்றில் ஒரு பெண் எடுத்தார். "அப்பா தவறிட்டாருங்க. இருவதாம் தேதி. மாரடைப்புன்னாங்க."

அவருக்கு ஸ்கேன் எடுத்தது ஜூன் 12. அவர் படம் அழிந்தது 27. எனக்குத் தெரிந்தது 26.

ஒரு நாள் இருந்தது. அது மாரடைப்புதானா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

ஜூலை 8, திங்கள்

கோகுல் முப்பத்தோரு சென்டருக்கும் கடிதம் அனுப்பினார். தன் பெயரில், தன் கையெழுத்தில். நடந்ததை மறைக்காமல் எழுதியிருந்தார். அவர் அப்படி எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் பெயர் அதில் இல்லை. "இது கம்பெனி பண்ண தப்பு. உங்க பேரைப் போட்டு நான் தப்பிச்சுக்க மாட்டேன்," என்றார். பிறகு, "ஆனா நீங்க இங்க இருக்க முடியாதுங்க மைதிலி," என்றார்.

மேசையைக் காலி செய்தேன். ஆறு வருடம் ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டது.

வீட்டில் லோகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டார். "அந்த அந்தியூர்க்காரரப் பாத்தியா?" என்றார்.

"அவருக்கு ஓனர் சொல்லிட்டார். வேலைக்கும் திரும்பக் கூப்பிட்டாச்சு."

"நீ பாத்தியான்னு கேட்டேன்."

ஜூலை 10, புதன்

பாவாயி கண் திறந்து பத்து நாளாகிறதாம். நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு வந்துவிட்டது. வலது கை இன்னும் வரவில்லை.

திருமூர்த்தி வேலைக்குத் திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னார்.

பாத்திரம் விளக்கும் சிங்க் அடைத்துக்கொண்டது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.

ஜூலை 12, வெள்ளி

காலை பத்தரைக்கு அந்தியூரில் இறங்கினேன். பர்கூர் ரோட்டில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். திருமூர்த்தி வாசலில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிட ஒல்லி. கையெல்லாம் கிரீஸ்.

"தூது கம்பெனியில இருந்தவ. மைதிலி. நீங்க போன் பண்ணப்போ பேசினது நான்தான்."

எழுந்து நின்றார். "வாங் மேடம். உக்காருங். ஓனரு வந்து சொன்னாருங். டாக்டரே போன் பண்ணிப் பேசுனாருங், எவ்வளவு பெரிய மனுசன்."

அவர் மனைவி சிவகாமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலையோரம் நின்றார். நான் குடிக்கவில்லை.

"அந்த ஏற்பாட்டைச் செஞ்சது நான்தான். செவப்புச் செய்தியை எடுத்ததும் நான்தான். யாரும் என்னை எடுக்கச் சொல்லலை."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நான் போன் பண்ணப்பவே தெரியுமுங்களா?"

"மறுநாள் தெரிஞ்சுது. இருபத்தெட்டாம் தேதி உங்க சென்டருக்கு வந்தேன். அசல் படத்தைப் பாத்தேன். பளிச்சுன்னுதான் இருந்தது. ஓனர் உங்க வீட்டுக்கு வழிகூடச் சொன்னார். நான் பஸ் ஏறிட்டேன்."

சிவகாமி உள்ளே போய்விட்டார். ஏதோ பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

"மொத நாலு நாளு எல்லாருகிட்டயும் சண்டை போட்டனுங்," என்றார் திருமூர்த்தி. என்னைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்துப் பேசினார். "அசையல, அசையலன்னு. ஒருத்தரும் நம்பலீங். இவளே ஒருநா கேட்டா, ஒருவேள நீங்க போன் கீன் பாத்துட்டு இருந்தீங்களான்னு. அப்பறம் எனக்கே கண்ண மூடுனா அந்தம்மா தலை ஆடறாப்பல தெரிய ஆரம்பிச்சுருச்சுங். ஆடித்தான் இருக்கும்னு நெனச்சுட்டனுங். ஒண்ணாந்தேதி ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி அவங்க பையன் கால்ல விழுந்தனுங். நான்தாஞ் சரியா எடுக்கல, மன்னிச்சுருப்பான்னு சொல்லிட்டனுங்."

ஒன்றாம் தேதி. அப்போது அந்தப் படம் மூன்று நாளாக என் கைப்பையில் இருந்தது.

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன், அது எனக்கே கேட்கவில்லை.

"அது கெடக்கட்டுங்," என்றார். "வேலைக்குப் போகாததுக்கு அதுதானுங் காரணம். அந்தப் பையனுக்கு எல்லாரும் சொல்லியாச்சு. ஆனா நானே என் வாயால ஒத்துக்கிட்டவனாச்சுங்களே. ஓனர் என்னைக் காப்பாத்தறதுக்குக் கதை கட்டறாருன்னு சொல்லிட்டுத் திரியறான். நான் சொன்னா எடுபடாதுங். நீங்க வந்து சொல்லுங்."

"எப்போ?"

"இப்பத்தானுங்."

கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தினாற்போல் மெதுவாக ஏற்றி இறக்கினார்.

தவிட்டுப்பாளையத்தில் ஓட்டு வீடு. மகன் மணிவேல் வாசலில் நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். திருமூர்த்தியைப் பார்த்ததும் முகம் இறுகியது. உள்ளே கட்டிலில் மொட்டைத் தலையோடு பாவாயி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இவர் மேல தப்பு இல்லைங்க," என்றேன். "ஓனர் சொன்னது கதை இல்லை. தப்பு பண்ணது நான்." வாசலில் நின்றபடியே முழுதும் சொன்னேன். லைப்ரரி என்றால் என்ன என்று அவனுக்கு விளங்கும்படி சொல்ல மூன்று தடவை முயன்றேன். கடைசியில், "படத்தைத் திறக்கற சாமான் அந்தக் கம்ப்யூட்டர்ல இல்லை. இல்லைன்னு உங்களுக்குச் சொல்லாம, ஒண்ணுக்கும் ஆகாத படத்தை அனுப்பற மாதிரி நான் பண்ணி வெச்சிருந்தேன்," என்றேன். பையிலிருந்து இரண்டு படங்களின் அச்சையும் எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளேயிருந்து பாவாயி பேசினார். வார்த்தைகள் மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தன.

"நான் ஆடவே இல்லியே சாமி. ஆடாதப் படுன்னாரு இவரு. மூச்சக்கூடப் புடிச்சுட்டுத்தான் படுத்துக் கெடந்தேன்."

ஓனர், டாக்டர், கோகுல், நான். எங்களில் ஒருவர்கூட அந்தம்மாவிடம் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

மணிவேல் அச்சுகளை வெளிச்சத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நின்றிருப்பேன்.

"வாயில சொல்லிட்டுப் போயிருவீங்க," என்றான். "எழுதிக் குடுங்க."

உள்ளே போய்க் கோடு போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தான். நின்றபடியே சுவரில் வைத்து எழுதினேன். நான் எச்சரிக்கையை எடுத்தேன். நான் மங்கிய படத்தை அனுப்ப வைத்தேன். ஜூன் 26 முதல் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. திருமூர்த்தி படத்தைச் சரியாக எடுத்தார். கீழே என் முழுப்பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம்.

மணிவேல் இரண்டு தடவை படித்தான். திருமூர்த்தியிடம் கொடுத்தான். அவர் படித்து முடிக்கும்வரை நானும் மணிவேலும் நின்றுகொண்டே இருந்தோம். அவர் தாளைக் கொண்டுபோய்ப் பாவாயியிடம் நீட்டினார். அந்த அம்மா இடது கையால் வாங்கிக்கொண்டார்.